இடது கால்

விமலேஸ்வரியின் கை நல்ல கை என்று உருத்திரபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காதவர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள். பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் வைத்து மூக்குப் பிடித்துவிட, களை பிடுங்கி முதுகு விறைத்தவளுக்கு உருவிவிட, சைக்கிளால் விழுந்து தோள் நொந்தவளுக்கு நோவெண்ணெய் போட்டுத் தேய்க்க என்று வாய்க்கால் ஓரத்து அந்த வீட்டுக்குக் கிழமையில் இரண்டு பேராவது வராமல் இருப்பதில்லை. ஒரு சதம் வாங்கமாட்டாள். வாங்கினால் கைராசி போய்விடும் என்பாள். வந்தவர்கள் படலையைத் தாண்டிய பிறகு, "உந்த மனிசிக்கு எங்கை பிடிச்சாலும் கொழுப்புத்தான்" என்று கணவன் தவராசாவிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்வாள்.

இப்பேர்ப்பட்டவளின் வீட்டில் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாளா? அதுவும் தாயில்லாத மருமகள். தாட்சாயினிக்குச் சொந்த இடம் துணுக்காய். எட்டு வயதில், இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில், தாயைப் பறிகொடுத்தவள். தலைப்பிள்ளைப் பேறு என்றால் எங்கள் பக்கத்தில் பெண்ணின் தாய்தான் வந்து எல்லாம் பார்ப்பாள். இங்கே வருவதற்குத் தாயில்லை. தகப்பன் மட்டும் வயலும் மாடுமாகத் துணுக்காயில் தனியே கிடக்கிறார். "தாயில்லாதபடியா அந்தப் பிள்ளையை ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு ஒரு நாய் சொல்லக்கூடாது" என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் விமலேஸ்வரி மருமகளையும் பேரனையும் ஆசுப்பத்திரியிலிருந்து கூட்டிவந்தாள்.

வயிற்றை வெட்டி எடுத்த பிள்ளை. "அம்மா, இவாவை எழுப்பி நடக்க விடுங்கோ, தண்ணி நல்லாக் குடுங்கோ" என்று நேர்ஸ் பிள்ளை இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள். விமலேஸ்வரி ஓம் ஓம் என்று தலையாட்டினாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் அதெல்லாம் காற்றோடு போயிற்று. வெட்டின வயிற்றோடு நடந்தால் தையல் விடாதா? பச்சை உடம்புக்காரி கண்டபடி தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளாதா? முப்பத்தொரு நாள் கழியும் மட்டும் மலசலகூடத்துக்குத் தவிர கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சட்டம் போட்டாள். மல்லி அவித்த தண்ணீர் அளவோடு ஒரு மிடறு. சரக்குக்கறியும் சோறும் கட்டிலடிக்கே வரும். மிளகு, மஞ்சள், மல்லி சேர்ந்த சரக்கை அம்மியில் பட்டுப்போல அரைப்பாள், மெசினில் அரைத்த தூள் பிள்ளைப்பெற்றவளுக்கு ஆகாது என்று. தாட்சாயினி மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. மாமி எதைச் சொன்னாலும், "ஓம் மாமி" என்பாள்.

பதின்மூன்றாம் நாள் விடிந்தபோது வானம் மந்தாரமாகக் கிடந்தது. காலபோக நெல் முற்றிச் சரிந்து நின்ற நேரம். ஒரு மழை போதும், எல்லாம் படுத்துவிடும். வெட்டு மெசின் இவர்களின் வயலுக்கு வர அன்றுதான் முறை. தவராசாவும் மகன் பிரதாபனும் இருட்டோடேயே உழவு இயந்திரத்தில் போய்விட்டார்கள். ஆறரை மணிக்கு விமலேஸ்வரி தேத்தண்ணியோடு அறைக்குள் போனாள்.

"மாமி, இந்தக் கால் கொஞ்சம் நோகுது."

"எந்தக் கால்?"

"இடது. முந்தநாள் துடக்கம்."

"முந்தநாள் துடக்கமோ? வாயிலை கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீர்?"

போர்வையை விலக்கிப் பார்த்தாள். கெண்டைக்கால் மற்றதைவிடப் பருத்து, தோல் பளபளவென்று இழுபட்டுக் கிடந்தது. தொட்டால் சூடு. "குளிர் ஏறிப்போச்சு" என்றாள். வேறு என்னவாக இருக்கும்?

"அவருக்கு ராத்திரிச் சொன்னனான் மாமி. அவர் ராஜினியக்காவுக்குப் போன் பண்ணினவர். ஒன்பது மணி போல வருவா."

விமலேஸ்வரிக்கு உச்சியில் அடித்தது. புருசனுக்குச் சொன்னவள் தனக்குச் சொல்லவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். ராஜினியாம்! ராஜினியின் குடும்பம் பாட்டன் காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியது. தகப்பன் வீரபாகு ஒரு காலம் இவர்கள் வயலிலும் கூலிக்கு நின்றவன். மகள் வவுனியாவில் ஆறு மாதம் மசாஜ் படித்து, நீர்கொழும்பில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது கறுப்புப் பையும் ஸ்கூட்டியுமாக ஊர் ஊராகத் திரிகிறாள். ஹோட்டலில் எப்படிப்பட்ட மசாஜோ என்று ஊர்வாய் மென்றது போதாதென்று விமலேஸ்வரியும் சேர்ந்து மென்றிருக்கிறாள். அவள் வந்து இந்த வீட்டில், இந்தக் கையிருக்க, மருமகளின் காலைப் பிடிப்பதா?

"ஒன்பது மணிக்கு அவ வரட்டும். வந்து பிள்ளைக்கு எண்ணெய் பூசிப்போட்டுப் போகட்டும். காலை நீட்டும் இஞ்சை."

உள்ளிப்பூடு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை மிதமாகச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். கட்டில் ஓரத்தில் குந்தி மருமகளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, கீழிருந்து மேலாக, பெருவிரல்களை ஊன்றி இழுத்து உருவினாள். வயது ஐம்பத்தாறு என்றாலும் அம்மியும் உலக்கையும் பார்த்த கை. ஆசையோடுதான் செய்தாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேர்த்து வழிய வழிய அரை மணித்தியாலம் உரஞ்சினாள். தாட்சாயினி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மூடிய கண்ணால் நீர் இறங்கியது.

"நோகுதோ?"

"இல்லை மாமி."

"நோகும். நொந்தாத்தான் குளிர் இறங்கும்."

முடித்து, சுடுதண்ணீரில் துணியை நனைத்துக் காலைத் துடைத்துக்கொண்டு இருக்கும்போது தாட்சாயினிக்கு ஒரு இருமல் வந்தது. தொடர்ந்து இருமினாள். நெஞ்சைப் பொத்திக்கொண்டு, "மூச்சு முட்டுது மாமி" என்றாள். விமலேஸ்வரி முதுகைத் தடவி, "வாய்வு. படுத்த படுக்கையிலை வாய்வு சேரும்" என்று இஞ்சி தட்டி அவித்துக் கொடுத்தாள். சிறிது நேரத்தில் அடங்கிற்று. சரி, கை வேலை செய்துவிட்டது என்று மனநிறைவோடு குசினிக்குப் போய்ச் சரக்கு அரைக்கத் தொடங்கினாள்.

ராஜினி சொன்ன நேரத்துக்கு வந்தாள். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, தலைக்கவசத்தைக் கழற்றியதும் முதலில் கிணற்றடிக்குப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். நகம் எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. விமலேஸ்வரி குசினி யன்னலால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

முதலில் பிள்ளையை எடுத்தாள். மடியில் துவாயை விரித்து, உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் விட்டுச் சூடு வரத் தேய்த்து, பிள்ளையின் நெஞ்சில் மெல்ல வைத்தாள். பிள்ளை கையை விரித்துக்கொண்டு கிடந்தது.

"மூக்குப் பிடிக்கேல்லையோ?" என்று விமலேஸ்வரி வாசலில் நின்று கேட்டாள்.

"மூக்கு அது தன்ர பாட்டில வளரும் அம்மா. பிள்ளைக்குச் சும்மா தடவினாலே போதும். நல்லா நித்திரை கொள்ளும், பால் செமிக்கும். வயித்தை இப்பிடி வட்டமாத் தடவினா வாய்வு போயிடும்."

"எல்லாத்துக்கும் எண்ணெயும் கையும்தானே. இதுக்கு ஆறு மாசம் படிக்க வேணுமோ?"

ராஜினி சிரித்தாள். இந்தக் கேள்வியை அவள் எத்தனை வீட்டில் கேட்டிருப்பாள்! "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி அம்மா. வாதம் வந்து கை விழுந்த ஆக்களுக்கு விரல் விரலா மடக்கி நிமித்த வேணும், பலம் போடக்கூடாது. நெல்லு மூட்டை தூக்கிற ஆக்களின்ர முதுகுக்கு முழங்கையை ஊண்டலாம். பால் குடுக்கிற பிள்ளையளுக்குக் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும், அதை இளக்கி விட்டாலே பால் நல்லா வரும். எங்கை கை வைக்கிறதெண்டு படிக்கிறதை விட எங்கை வைக்கக்கூடாதெண்டு படிக்கத்தான் கன நாள் எடுத்தது."

"ம்" என்றாள் விமலேஸ்வரி. பெரிய கதைதான் கதைக்கிறாள் என்று மனதுக்குள் ஒரு நொடிப்பு நொடித்தாள்.

பிள்ளையைத் துடைத்துக் கிடத்திவிட்டு ராஜினி தாட்சாயினியின் பக்கம் திரும்பினாள். "எங்க தங்கச்சி, நோகுதெண்ட கால்?" போர்வையை விலக்கியவளின் முகம் மாறிவிட்டது. குனிந்து பார்த்தாள். கையைக் கொண்டுபோனவள் பிடிக்காமல் புறங்கையை மட்டும் மெல்ல வைத்து எடுத்தாள். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தாள். ஒருமுறைக்கு இருமுறை அளந்தாள்.

"மூண்டு சென்ரிமீற்றர் கூட" என்றாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அம்மா, இந்தக் காலில நான் கை வைக்கமாட்டன். ஒருத்தரும் வைக்கக்கூடாது. உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

"ஏன், என்னவாம்?"

"உள்ளுக்கு ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குதெண்டு நினைக்கிறன். பிள்ளைப் பெத்து, வயித்தை வெட்டி, அப்பிடியே படுத்துக் கிடக்கிற ஆக்களுக்கு இது வரும். உரஞ்சினா அந்தக் கட்டி கழண்டு ரத்தத்தோட ஓடி நெஞ்சில போய் அடைச்சிடும். ஆள் தப்பாது அம்மா. எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தந்ததே இதுதான்."

விமலேஸ்வரி தன் கையைப் பார்த்தாள். கையில் அரைத்த சரக்கின் மஞ்சள் ஒட்டியிருந்தது. அந்தக் கையைச் சட்டையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தங்கச்சி, ஆராவது இந்தக் காலைப் பிடிச்சு விட்டவையோ?"

தாட்சாயினி முகட்டைப் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்தாள்.

"இல்லையக்கா. ஒருத்தரும் தொடேல்லை."

"அறைக்குள்ள உள்ளியெண்ணெய் மணக்குதே?"

"அது..." என்றாள் விமலேஸ்வரி. "அது நான் என்ர முழங்காலுக்குப் பூசினது."

சொல்லிவிட்டாள். சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் விழுந்த சொல்லை எப்படிப் பொறுக்குவது? முப்பது வருடமாக ஊரெல்லாம் நல்ல கை, நல்ல கை என்று சொல்லிவந்த கை. அதைத் தூக்கி இந்த ராஜினியின் முன்னால் எப்படி நீட்டுவாள்? துணுக்காயிலிருந்து சம்பந்தி வந்து என்ன கேட்பார்? தாயில்லாப் பிள்ளையை நம்பித் தந்தேனே என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது? உண்மையைச் சொல்ல ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடிதான் அவளுக்கு வரவில்லை.

ராஜினி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு வந்தவள், "முப்பத்தொண்டு கழியாமல் படலை தாண்டக்கூடாதெண்டு நிப்பீங்கள் எண்டு நினைச்சன் அம்மா" என்றாள்.

"உயிரை விட முப்பத்தொண்டே பெரிசு?" என்று விமலேஸ்வரி வெடுக்கென்று சொன்னாள். ராஜினி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற மனிசியா இது?

அம்புலன்ஸ் வேறொரு இடத்தில் நின்றது. வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள். பிரதாபனின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. மெசினுக்குப் பக்கத்தில் நின்றால் இடி விழுந்தாலும் கேட்காது. தாட்சாயினி எழும்பிச் சீலை மாற்றப் பார்த்தாள். "அசையாதேங்கோ தங்கச்சி, அப்பிடியே படுங்கோ" என்று ராஜினி தடுத்தாள். விமலேஸ்வரி பிள்ளையின் துணிகளை ஒரு பையில் போட்டாள். எடுத்தாள். மடித்தாள். திரும்பவும் போட்டாள். இடையில் கட்டிலடிக்கு வந்து, மருமகளின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். கொஞ்சம் வேகமாகத்தான் ஏறி இறங்கியது. வேகமா, இல்லை, தன் கண்ணுக்கு அப்படியா? வெளியே தூறல் தொடங்கிற்று.

பிரதாபன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது உடம்பெல்லாம் நெற்சுணை. பதினொரு அழைப்பைக் கண்டு பயந்துபோய் வந்திருந்தான். ராஜினி சொன்னதைக் கேட்டவனுக்குப் பயம் கோபமாக மாறியது.

"ராத்திரி சும்மா நோகுதெண்டுதானே சொன்னவள்! இப்ப ஆள் தப்பாது எண்டால் என்ன கதை? நீர் காலிலை என்ன செய்தனீர்?"

"நான் தொடவே இல்லை தம்பி."

"தொடாமலோ இவ்வளவு நேரம் அறைக்குள்ள நிண்டனீர்? காலைப் பிடிக்கத்தானே உம்மைக் கூப்பிட்டனான்! உரஞ்சி ஏதோ பிழைச்சுப்போச்சு, அதுதான் அம்புலன்சுக்கு அடிச்சனீர். இவளுக்கு ஏதும் நடந்தா நான் சும்மா விடமாட்டன், சொல்லிப்போட்டன்!"

ராஜினியின் முகம் சிவந்தது. "அம்மா பக்கத்தில தானே நிண்டவங்க, கேட்டுப் பாருங்க" என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு வீட்டில் பேசுகிற மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்.

பிரதாபன் தாயைப் பார்த்தான். ராஜினியும் பார்த்தாள்.

"பிள்ளைக்குத்தான் எண்ணெய் பூசினவா" என்று விமலேஸ்வரி முணுமுணுத்தாள். அது பொய்யில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு வடிவம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு குற்றமும் செய்யாத பெண் முற்றத்து மழையில் நின்று ஏச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

அம்புலன்ஸ் வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விமலேஸ்வரி மருமகளோடு ஏறினாள். பிரதாபன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். தன் பாட்டில் போயிருக்கலாம், ஆனாலும் ராஜினியும் தன் ஸ்கூட்டியை அதற்குப் பின்னால் விட்டாள். கிறவல் ஒழுங்கையின் குண்டு குழியில் வண்டி தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தூக்கலுக்கும் விமலேஸ்வரி மருமகளின் முகத்தைப் பார்த்தாள், கட்டி கழன்றுவிட்டதோ, இப்போது கழன்றுவிட்டதோ என்று. வண்டியில் உதவிக்கு வந்த பெடியன் முன்னால் சாரதியோடு ஏதோ பேசத் திரும்பிய நேரம் குனிந்து மெல்லக் கேட்டாள்.

"பிள்ளை, ஏன் ஒருத்தரும் தொடேல்லை எண்டனீர்?"

"சும்மா இருங்கோ மாமி. தெரிஞ்சால் அவர் உங்களை ஏசுவார்."

"மூச்சு எப்பிடி?"

"பரவாயில்லை" என்றாள் தாட்சாயினி. சொல்லிவிட்டு இருமினாள்.

ஆசுப்பத்திரியில் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். டொக்டர் ஒரு இளம் பெண். காலைப் பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், விரலில் எதையோ மாட்டிப் பார்த்தாள். ராஜினி அளந்த கணக்கைச் சொன்னாள்.

"சந்தேகம் சரியாத்தான் இருக்கும்" என்றாள் டொக்டர். "இப்ப எனக்கு ஒண்டு தெரிய வேணும். இந்தக் காலை ஆராவது உரஞ்சினீங்களோ? உரஞ்சியிருந்தால் நான் இப்பவே நெஞ்சைப் படம் எடுத்துப் பாக்க வேணும், ஒரு நிமிசம் மிச்சம் வைக்கேலாது. இல்லையெண்டால் முதல் கால் ஸ்கானுக்கு அனுப்புவன், அது மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும்."

"இல்லை டொக்டர். ஒருத்தரும் உரஞ்சேல்லை" என்றாள் தாட்சாயினி.

"மூச்சு முட்டினதோ? இருமல்?"

"இல்லை."

பிரதாபன் பொறுக்கமாட்டாமல் திரைக்குள் வந்தான். "டொக்டர், இவா மசாஜ் செய்யிறவா. காலையில வந்து அறைக்குள்ள நிண்டவா. இவாவைக் கேளுங்கோ."

டொக்டர் ராஜினியை நிமிர்ந்து பார்த்தாள். பார்வை கடுமையாக இருந்தது. "உண்மையைச் சொல்லும். உம்மில பிழை பிடிக்கிறது பிறகு. எனக்கு இவாவின்ர உயிர்தான் முக்கியம். உரஞ்சினீரோ?"

"சத்தியமா இல்லை டொக்டர்."

"பொய்!" என்றான் பிரதாபன்.

அடுத்த கட்டில்காரர்களும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் திரையின் இடைவெளியால் பார்த்தார்கள். ராஜினிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் இடத்தை விட்டு அசையவில்லை. டொக்டர் பேனையை எடுத்தாள். கால் ஸ்கானுக்குத்தான் எழுதப்போகிறாள்.

விமலேஸ்வரி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளிறிக் கிடந்தது. பேசாமல் இருக்கச் சொல்லி அந்தப் பிள்ளை கண்ணால் மாமிக்குச் சாடை காட்டியது. சாகக் கிடக்கிறவள் மாமியின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள்! மானமாம், மண்ணாங்கட்டியாம். விமலேஸ்வரிக்குத் தன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"எழுதாதேங்கோ டொக்டர்!"

சத்தம் வாட்டின் கடைசிக் கட்டில் வரை கேட்டது. கையிலிருந்த பிள்ளை திடுக்கிட்டு அழுதது.

"நான்தான் உரஞ்சினனான். விடிய ஆறரைக்கு. அரை மணித்தியாலம், கீழையிருந்து மேலை, பலம் போட்டு. அதுக்குப் பிறகு இவளுக்கு இருமல் வந்து மூச்சு முட்டினது. நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்தவள். நான் வாய்வெண்டு இஞ்சித்தண்ணி குடுத்தனான். நடக்க விடச்சொல்லி இஞ்சை சொல்லித்தான் விட்டவை, நான்தான் படுக்க வைச்சனான். தண்ணியும் குடுக்கேல்லை. இந்தப் பிள்ளை ராஜினி கை வைக்கேல்லை. எண்ணெய் மணக்குதெண்டு கேட்டவா. நான் பொய் சொன்னனான்."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். "அம்மா!" என்றான் பிரதாபன். டொக்டர் ஏசவில்லை. ஏச நேரமில்லை. நேர்சைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒட்சிசன் மூடியை மூக்கில் வைத்து, கட்டிலோடேயே தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரச் சத்தம் நடைவழியில் தேய்ந்து போயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம். நடைவழியில் கிடந்த மர வாங்கில் விமலேஸ்வரி இந்த முனையில், பிரதாபன் அந்த முனையில். ஒருமுறை அவன் திரும்பி, "நீங்களும் உங்கட கையும்" என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். தவராசா மழையில் நனைந்த சாரத்தோடு வந்து சேர்ந்தார். பாதி வயல் வெட்டுப்படாமல் கிடக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, விசயத்தைக் கேட்டதும் சுவரோடு சாய்ந்துவிட்டார். பிள்ளை பாலுக்கு அழுதது. நேர்ஸ் கொடுத்த கரண்டிப் பாலை ராஜினிதான் பருக்கினாள்.

விமலேஸ்வரி எழும்பி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "உன்னை மாட்டிவிடப் பாத்தன் பிள்ளை. என்னை மன்னிச்சுக்கொள்."

ராஜினி நிமிரவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, "கோவம்தான் அம்மா" என்றாள். "அவர் என்னை முத்தத்தில வைச்சு ஏசேக்க நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். நீங்கள் அப்பவே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி அம்புலன்ஸ்காரருக்குச் சொல்லியிருப்பன். முக்கால் மணித்தியாலம் காத்திருந்திருக்க மாட்டம். அதைத்தான் எனக்கு மறக்கேலாமல் கிடக்கு. மன்னிப்பெல்லாம் பிறகு பாப்பம்."

விமலேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் முகத்துக்கு நேரே யாரும் இப்படிச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டு நின்றதாக ஊரில் ஒரு வரலாறு கிடையாது.

டொக்டர் வந்தாள். நெஞ்சில் சின்னக் கட்டி ஒன்று போய் நிற்கிறதாம். காலில் பெரிசு அப்படியே இருக்கிறதாம். இரத்தத்தை இளக்குகிற ஊசி போட்டாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்போகிறார்கள். "இனி இரண்டு நாள் கவனமாப் பாக்க வேணும். ஆனா மூச்சு இப்ப நல்லா இருக்கு, மருந்து நேரத்துக்குப் போயிருக்கு. மத்தியானம் மட்டும் விட்டிருந்தால் நான் உங்களோட இப்பிடி நிண்டு கதைக்கமாட்டன்" என்றாள். போகப் புறப்பட்டவள் விமலேஸ்வரியைப் பார்த்து, "அம்மா, நல்ல வேளை வாய் திறந்தீங்கள்" என்றாள்.

யாழ்ப்பாணத்துக்குப் போகிற வண்டி வரும்வரை ஒருவர் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். பிரதாபன் எழும்பினான். நேர்ஸ் அவனைத் தடுத்தாள். "தாட்சாயினி மாமியை வரச்சொல்லுறா."

விமலேஸ்வரி போய்க் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். கிட்டப் போகப் பயமாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒட்சிசன் மூடிக்குள் தாட்சாயினியின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியிருந்தது.

"ஏன் மாமி சொன்னனீங்கள்? அவர் ஏசினவரோ?"

"ஏசட்டும். அவன் ஏசாமல் ஆர் ஏசுறது?" என்றாள். பிறகு, காலையிலிருந்து மனதில் கிடந்ததைக் கேட்டாள். "பிள்ளை, நோகேல்லை எண்டு சொன்னனீர். அவ்வளவு பலம் போட்டு உரஞ்சினனான். நோகாமல் இருந்திருக்கேலாது."

"நொந்தது மாமி. உயிர் போற மாதிரி நொந்தது."

"பிறகேன் கத்தேல்லை? ஒரு சத்தம் போட்டிருந்தா நான் விட்டிருப்பனே!"

"அதுதான்" என்றாள் தாட்சாயினி. மூச்சை எடுத்து மெல்ல மெல்லச் சொன்னாள். "கத்தினால் விட்டிட்டு எழும்பிப் போயிடுவீங்கள். அம்மா போனாப்பிறகு ஒருத்தரும் என்ர காலைத் தூக்கி மடியில வைச்சதில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் எண்டு பாத்தன்."

விசர்ப் பெட்டை என்று ஏசத்தான் விமலேஸ்வரி வாயைத் திறந்தாள். ஏச்சு வரவில்லை. தோளில் கிடந்த துவாயை இழுத்து வாயில் அமத்திக்கொண்டு, வாட்டில் உள்ள அத்தனை பேரும் பார்க்க, நின்ற நிலையிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள்.